பனிக்கால இருளும் மனச்சோர்வும்: கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்காக





எல்லாப் புகழும் இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்யும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனது ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நம் ஊர்களில் பல வீடுகளில் இன்று ஒரு மகனோ மகளோ பிரித்தானியாவிலோ கனடாவிலோ நோர்வேயிலோ படித்துக்கொண்டோ தொழில் செய்துகொண்டோ இருக்கின்றனர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவ்வீடுகளில் நடக்கும் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது:

"மகன், சாப்பிட்டீங்களா?"

"ஓம் உம்மா."

"தொழுதீங்களா?"

சற்று மௌனம். பின்னர், "தூக்கமா இருக்கு உம்மா. பிறகு எடுக்கிறேன்."

இரண்டு வாரம் கழித்து மகன் தொலைபேசியை எடுப்பதும் குறைகிறது. விரிவுரைக்குச் செல்வதில்லை என்ற செய்தி வேறொருவர் மூலம் வருகிறது. உம்மா அழுகிறார். வாப்பாவோ, "அந்த நாட்டுக்குப் போய் இவனுடைய ஈமான் குறைந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். யாரோ ஒருவர் கண்ணூறு என்கிறார். இன்னொருவர் சூனியம் என்கிறார். அந்தப் பிள்ளையின் உடலுக்கும் உள்ளத்துக்கும் உண்மையில் என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்றைய நமது உரை எடுத்துக்கொள்கிறது.

வெளிச்சம் சுருங்கும் தேசங்கள்

நாம் வாழும் இலங்கைத் தீவு பூமத்திய ரேகைக்கு அண்மையில் அமைந்துள்ளது. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆகவே வெளிச்சம் என்பது ஒரு நிஃமத் என்பதை நாம் பெரும்பாலும் உணர்வதே இல்லை.

இலண்டனில் நிலைமை முற்றிலும் வேறு. ஜூன் மாதத்தில் அங்கு பகல் ஏறத்தாழ பதினாறரை மணித்தியாலம் நீடிக்கும். டிசம்பர் மாதத்திலோ அது எட்டு மணித்தியாலத்தையும் எட்டாது. காலை எட்டு மணியளவில் உதிக்கும் சூரியன், மாலை நான்கு மணி ஆவதற்குள் மறைந்துவிடுகிறது. நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் அக்காலத்துப் பகல் ஆறு மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அதே நாட்டின் வடபகுதியிலுள்ள துரொம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

தொழுகை நேரங்களை வைத்துப் பார்த்தால் இதனை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். டிசம்பர் மாத இலண்டனில் நண்பகல் பன்னிரண்டு மணியளவில் லுஹர். இரண்டு மணி ஆவதற்குள் அஸர். நான்கு மணிக்குச் சற்று முன் மஃரிப். மூன்று தொழுகைகளின் நேரம் நான்கு மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. விரிவுரை மண்டபத்துக்குள் நுழையும் மாணவன் வெளியே வரும்போது ஊர் இருண்டு கிடக்கும்.

இது என்ன நோய்?

பனிக்காலத்தில் மனிதருக்கு உற்சாகம் குறைவது பண்டைக் காலம் முதல் அறியப்பட்ட விடயமே. எனினும், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தொடங்கி, இளவேனிலில் தானாகவே நீங்கும் ஒருவகை மனச்சோர்வை, ஒரு தனி நிலையாக 1984ஆம் ஆண்டு மருத்துவ உலகின் முன் வைத்தவர்கள், அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் ஆவர். ரோசென்தால் வெயில் மிகுந்த தென்னாபிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். நியூயோர்க் நகரில் குடியேறிய பின், அங்கு பனிக்காலத்தில் தமது சுறுசுறுப்புக் குறைவதைத் தாமே உணர்ந்தவர். வெப்ப தேசத்திலிருந்து குளிர் தேசம் சென்ற ஒருவரின் அனுபவம் இந்த ஆய்வின் பின்னணியில் இருந்தது என்பது நம் பிள்ளைகள் விடயத்தில் கவனிக்கத்தக்கதாகும். இந்நிலையைப் பருவகால மனச்சோர்வு என நாம் தமிழில் அழைக்கலாம்.

இதற்கு முதன்மையான காரணமாகக் கருதப்படுவது குளிர் அன்று, வெளிச்சக் குறைவே. நம் மூளையினுள் அல்லாஹ் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கின்றான். கண்ணின் விழித்திரை வழியாக வரும் காலை வெளிச்சமே அக்கடிகாரத்தைத் தினமும் சரிசெய்கிறது. இருள் சூழும்போது மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. உடலுக்கு இரவு வந்துவிட்டதை அறிவிக்கும் தூது அதுவே. காலை வெளிச்சம் போதாதவிடத்து இந்தக் கடிகாரம் பிந்துகிறது. மனநிலையைச் சீராக வைப்பதில் பங்குகொள்ளும் செரோடோனின் என்ற பொருளின் இயக்கமும் பாதிக்கப்படுகிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எல்லோரும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. பெண்களிடமும் இளம் வயதினரிடமும், குடும்பத்தில் மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இதன் அடையாளங்களைப் பெற்றோர் அறிந்து வைத்திருத்தல் அவசியம். ஏனெனில் அவை வெளிப்பார்வைக்குச் சோம்பேறித்தனம் போலவே தோன்றும். வழக்கத்துக்கு மாறான நீண்ட தூக்கம், தூங்கி எழுந்தும் நீங்காத களைப்பு, இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் தேடித் தேடி உண்ணுதல், உடல் எடை கூடுதல், கவனம் சிதறுதல், நண்பர்களைத் தவிர்த்தல், முன்பு விரும்பிய எதிலும் ஆர்வமற்றுப் போதல், 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஓரிரு நாள் வரும் கவலை நோயன்று. இவ்வறிகுறிகள் நாளின் பெரும்பகுதியில், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரை நாட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு சுமையும் உண்டு. கல்விக் கட்டணத்துக்காக உம்மாவின் நகை அடகில் இருக்கிறது, அல்லது காணி விலைப்பட்டிருக்கிறது. அதனை ஈடுசெய்ய எண்ணிப் பிள்ளை இரவு வேலைக்குச் செல்கிறது. இரவெல்லாம் களஞ்சியசாலையிலோ எரிபொருள் நிலையத்திலோ நின்றுவிட்டு, விடியும் வேளையில் படுத்து, மாலை மூன்று மணிக்குக் கண் விழித்தால், எஞ்சியிருப்பது ஒரு மணித்தியால வெளிச்சமே. இவ்வாறு வாரக்கணக்கில் சூரியனைக் காணாமலே வாழும் பிள்ளைகள் இருக்கின்றனர். தம் துன்பத்தை அவர்கள் வீட்டில் சொல்வதும் இல்லை. 'இவ்வளவு செலவழித்து அனுப்பியவர்களிடம் எப்படிச் சொல்வது?' என்ற வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது.

துயரம் ஈமானின் குறையா?

'உண்மையான முஃமினுக்கு மனச்சோர்வு வராது' என்று நம்மிற் சிலர் சொல்கின்றனர். நல்ல எண்ணத்துடன்தான் சொல்கின்றனர். ஆயினும் அல்குர்ஆன் காட்டும் நபிமார்களின் வாழ்வு இக்கூற்றுக்குச் சான்று பகரவில்லை.

யஃகூப் (அலை) அவர்கள் ஓர் இறைத்தூதர். மகன் யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் அவர்களது கண்கள் வெளிறிப்போயின என்று சூரா யூஸுஃப் எடுத்துரைக்கிறது. அழகிய பொறுமையை வாயால் மொழிந்தவர்களும் அவர்களே. கண் வெளிறும் அளவுக்கு அழுதவர்களும் அவர்களே. பொறுமையும் கண்ணீரும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் தூதுத்துவத்தின் பத்தாம் ஆண்டில் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்தார்கள். அந்த ஆண்டுக்கே 'ஆமுல் ஹுஸ்ன்', அதாவது துயர ஆண்டு என்று ஸீரா ஆசிரியர்கள் பெயரிட்டனர். வஹீ சிறிது காலம் தடைப்பட்டிருந்தபோது அண்ணலார் மிகுந்த வேதனை அடைந்தார்கள். அவ்வேளையில் இறங்கிய அத்தியாயமே சூரா அள்ளுஹா. அல்லாஹ் முற்பகல் வெளிச்சத்தின் மீது சத்தியம் செய்து, அடுத்து அடங்கிவரும் இரவின் மீதும் சத்தியம் செய்து, தன் தூதரைத் தான் கைவிடவில்லை என்று ஆறுதல் கூறுகின்றான். அங்கே கண்டிப்பு இல்லை. ஆறுதலே முந்தி வருகிறது. துயருற்ற பிள்ளையிடம் பேசத் தொடங்கும் பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எது?

மர்யம் (அலை) அவர்களின் நிகழ்வு இன்னும் ஆழமானது. பிரசவ வேதனையிலும் தனிமையிலும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்திலும் அவர்கள், 'இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா' என்னும் கருத்தில் அரற்றினார்கள். அதற்கு வந்த மறுமொழி என்ன? கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல். காலடியில் ஓடும் நீரூற்று. மரத்தை உலுக்கினால் விழும் கனிந்த பேரீச்சம்பழம். உண்டு, பருகி, கண் குளிர்ந்திருக்குமாறு ஓர் அறிவுரை. அல்லாஹ் அவர்களது உள்ளத்தைத் தேற்றியதோடு நிற்கவில்லை; உடலின் தேவையையும் நிறைவு செய்தான். துயருற்றவருக்கு உபதேசம் மட்டும் போதாது, உடலையும் கவனிக்க வேண்டும் என்ற படிப்பினை இதில் இருக்கிறது.

நம் முன்னோர் அறிந்திருந்த உண்மை

உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என்பது மேற்கிலிருந்து இரவல் வாங்கிய கருத்தன்று. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலத்துக்காகவும் எழுதினார். துயரம் இருவகைப்படும் என அவர் பிரித்துக் காட்டினார். ஒன்று, இழப்புப் போன்ற அறியப்பட்ட காரணத்தால் வருவது. மற்றது, காரணம் இன்னதென்று நோயாளியே அறியாதது. அது உடலின் மாற்றத்திலிருந்து தோன்றுவது. முந்தியதற்கு ஆறுதலும் சிந்தனைத் திருத்தமும், பிந்தியதற்கு உடலுக்கான வைத்தியமும் தேவை என்று அவர் கருதினார். நோய்க்கு முன்பே மருந்தைச் சேமித்து வைப்பதுபோல், நல்ல எண்ணங்களையும் மனம் நலமாயிருக்கும்போதே சேமித்து வைக்க வேண்டும் என்பதும் அவரது அறிவுரை. 1154இல் திமிஷ்கிலும் 1284இல் கெய்ரோவிலும் எழுப்பப்பட்ட புகழ்பெற்ற வைத்தியசாலைகள் நம் ஆட்சியாளர்கள் நோயாளருக்குக் கொடுத்த இடத்துக்குச் சான்றாகும்.

எந்த நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கின்றான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்தாகும். துஆக் கேட்பதும் அல்குர்ஆனை ஓதிப் பார்ப்பதும் ஆகுமானவை, வரவேற்கத்தக்கவை. ஆனால் அவற்றைக் காரணம் காட்டி வைத்தியரிடம் செல்வதைப் பிற்போடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகையைக் கட்டாமல் விடுவதை அண்ணலார் தவக்குல் என ஏற்கவில்லை அல்லவா?

செய்யத்தக்கவை

முதலாவது, காலை வெளிச்சம். இந்நோய்க்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முக்கிய சிகிச்சைகளுள் ஒன்று ஒளிச் சிகிச்சை. பத்தாயிரம் லக்ஸ் அளவு ஒளி தரும் பெட்டியின் முன், காலையில் 20 முதல் 30 நிமிடம் வரை அமர வேண்டும். சாதாரண அறையின் மின்குமிழ் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவே. மேகம் மூடிய பனிக்காலப் பகலிலும்கூட வெளிவெளிச்சம் அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஒளிப்பெட்டி வாங்க வசதியில்லாதவரும் தினமும் காலையில் அரை மணித்தியாலம் வெளியே நடக்கலாம். கண்நோய் உள்ளோரும், மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோயுடையோரும் வைத்தியரைக் கேளாமல் ஒளிப்பெட்டியைப் பாவிக்கக் கூடாது.

இங்கு நம் இபாதத் நமக்குப் பேருதவி புரிகிறது. ஜூன் மாதத்தில் இலண்டனில் ஸுப்ஹுக்கு எழுவது பெரும் போராட்டம். டிசம்பரிலோ காலை ஏழு மணிக்கு எழுந்தாலும் ஸுப்ஹை உரிய நேரத்தில் தொழலாம். தொழுதபின் மீண்டும் போர்வைக்குள் புகாமல், ஓதியவாறு சூரிய உதயம் வரை விழித்திருந்து, பின் வெளியே நடப்பவருக்கு மார்க்கத்தின் நன்மையும் மருத்துவத்தின் பயனும் ஒருசேரக் கிடைக்கின்றன. தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்ததை இங்கு நினைவுகூர்வோம்.

இரண்டாவது, இரவு வேலையைக் குறைத்தல். வேலை அவசியமாயின் பகல் நேர வேலையைத் தேடுங்கள். வருமானம் சற்றுக் குறைந்தாலும் உடலின் கடிகாரம் காப்பாற்றப்படும்.

மூன்றாவது, உணவு. துயரம் மிகுந்த வீட்டில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாற்கோதுமை மாவினால் 'தல்பீனா' என்ற கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்து, துயரின் ஒரு பகுதியை நீக்கும் என்று அண்ணலார் கூறியதாக ஹதீஸ் வந்துள்ளது. 'ஒரு பகுதியை' என்பதைக் கவனியுங்கள். முழு மருந்தென்று அங்கே சொல்லப்படவில்லை. விற்றமின் டி விடயமும் அவ்வாறே. பிரித்தானியாவில் இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுமாறு சுகாதாரத் துறை ஆலோசனை கூறுகிறது. கறுத்த தோலுடையோரும் உடலை மூடி ஆடை அணிவோரும் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும். ஆகவே நம் மகள்மார் இதில் விசேட கவனம் செலுத்த வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் இது அவசியம். மனச்சோர்வு நீங்க இது மட்டும் போதும் என எண்ணிவிடக் கூடாது.

நான்காவது, ஜமாஅத். தனியறையே இந்நோய் வளரும் இடம். வாரத்தில் ஜும்ஆவுடன் ஒரு வக்தாவது பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். பெண்பிள்ளைகள் பல்கலைக்கழக இஸ்லாமியச் சங்கத்தின் சகோதரிகளுடன் தொடர்பு வைத்திருங்கள். பனிக்காலப் பகல் குறுகியதாதலால் நோன்பு நோற்பதும் எளிது. சேர்ந்து நோற்று, சேர்ந்து நோன்பு திறப்பது உள்ளத்துக்கு வலுவூட்டும். மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேட்டே நோற்க வேண்டும்.

ஐந்தாவது, வைத்தியம். பிரித்தானியாவில் மாணவர் வீசாவுடனேயே சுகாதாரக் கட்டணமும் பெரும்பாலும் செலுத்தப்பட்டுவிடுகிறது. எனவே குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்து ஆலோசனை பெறுவது உங்கள் உரிமை. பல்கலைக்கழகங்களில் உளவளத்துணை சேவையும் உண்டு. சிந்தனையையும் பழக்கத்தையும் சீர்செய்யும் உரையாடல் சிகிச்சையும், தேவையாயின் மருந்தும் நல்ல பயன் தருகின்றன. தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. 2001இல் அங்கு ஆரம்பிக்கப்பட்ட முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன், நம் மார்க்கத்தை விளங்கியவர்களே செவிமடுக்கும் ஒரு சேவையாகும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பனிக்காலத்தில் பிரித்தானிய நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. நீங்கள் இஷாவுக்குப் பின் ஓய்வாக அழைக்கும்போது, பிள்ளையின் நாட்டில் பகல் முடியப் போகிறது. நீங்கள் லுஹர் தொழுதுவிட்டுப் பகல் ஒன்றரை மணிக்கு அழைத்தால், அங்கே காலை எட்டு மணி. சூரியன் உதிக்கும் நேரம். "மகன், வெளியில் நடந்துகொண்டே பேசுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் குரலும் காலை வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும் அந்த அரை மணித்தியாலம், நீங்கள் அனுப்பும் பணத்தைவிடப் பெறுமதியானது.

தொழுகையைக் கேட்பதை விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. அதற்கு முன் தூக்கத்தைக் கேளுங்கள், உணவைக் கேளுங்கள், யாருடன் பேசினீர்கள் என்று கேளுங்கள். நோயின் காரணமாகத் தொழுகையில் தளர்ந்த பிள்ளையை நயவஞ்சகன் போல் நடத்தினால், அது தொழுகையை மட்டுமன்றி உங்களையும் விட்டு விலகிவிடும். மேலும், "படிப்பைவிட, கடனைவிட நீங்கதான் எங்களுக்கு முக்கியம்" என்ற வார்த்தையை வாய் திறந்து சொல்லுங்கள். அது தெரிந்த விடயம்தானே என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அந்த வார்த்தைக்காகவே காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பிள்ளை ஜாடையாக வெளிப்படுத்தினாலும் அதனை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். ஹராம் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டால் எண்ணம் மறையாது; மறைத்து வைக்கப்படும். நேரடியாகக் கேளுங்கள், பதறாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள். பிரித்தானியாவில் 111 என்ற இலக்கத்தில் சுகாதார சேவையையும், 116 123 என்ற இலக்கத்தில் சமாரித்தன்ஸ் அமைப்பையும் எந்நேரமும் அழைக்கலாம். உயிராபத்து உடனடியாக இருப்பின் 999. பனிக்காலம் இல்லாத நம் நாட்டிலும் மனச்சோர்வு இல்லாமல் இல்லை. இங்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

அருமை இளைஞர்களே! டிசம்பர் இறுதியிலிருந்து பகல் ஒவ்வொரு நாளும் சில விநாடிகளாக, பின்னர் சில நிமிடங்களாக நீள்கிறது. முதலில் கண்ணுக்கே தெரியாது. பெப்ரவரியில் ஒருநாள், மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று நீங்கள் வியப்பீர்கள். உள்ளத்தின் சுகமும் அவ்வாறே சிறிது சிறிதாகத் திரும்புகிறது. அதுவரை தனியே தாங்கிக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வீட்டில் சொல்லுங்கள்; வைத்தியரிடம் சொல்லுங்கள்; ஸுஜூதில் ரப்பிடம் சொல்லுங்கள்.

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அந்தப் பாதுகாப்பை வல்ல ரஹ்மான் நமக்கும், கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! நோயுற்ற உள்ளங்களுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.